ஒரு மூச்சு பின்னால்

அத்தியாயம் 11

பெரியவள் போனை வைத்துவிட்டு, "மாமா ஞாயிற்றுக்கிழமை வர்றார்டா" என்று தம்பியின் காதைக் கடித்ததோடு போன வாரம் நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமையும் வந்துவிட்டது. அக்காவும் தம்பியும் வாரம் முழுக்கத் தீட்டிய திட்டம், காலை டீ ஆறுவதற்குள் படுத்துக்கொண்டது.

திட்டத்தில் சூட்சுமம் ஒன்றும் கிடையாது. ஞாயிறு சலவைக்கடைக்கு விடுமுறை. அம்மா தன் சிநேகிதி வீட்டுக்குப் போவாள். போனால் பேச்சு சுவாரஸ்யத்தில் சாயங்காலம்தான் திரும்புவாள். அதற்குள் மாமா வந்து, கடையின் பின்னறையில் சாக்ஸபோன் வாசித்து, பதிவு முடித்து, கிளம்பிப் போய்விடுவார். அம்மாவும் மாமாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே வேண்டியதில்லை.

அம்மா சிநேகிதி வீட்டுக்குப் போகவில்லை.

"விடுதிக்காரன் போன் பண்ணான்" என்றாள், புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டே. "நாளைக்கு ஏதோ பெரிய கூட்டம் வருதாம். பெட்ஷீட் அத்தனையும் இன்னிக்கே வேணுமாம். ரெண்டு மிஷினும் போட்டுட்டேன். டீயைக் குடிச்சிட்டு ஒரு கை பிடி."

பெரியவள் டீ டம்ளரைக் கீழே வைத்தாள். தம்பியைப் பார்த்தாள். சின்னவன் மேலே மின்விசிறியைப் பார்த்தான். அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். எது நடந்தாலும் முதலில் மேலே பார்ப்பது அவனுக்குத் தொழிலோடு ஒட்டிக்கொண்ட பழக்கம்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கீழே கடை, மேலே வீடு. அப்பா போன பிறகு கடையை அம்மாதான் நடத்துகிறாள். பெரியவள் கல்லாவில் உட்கார்ந்து துணி வாங்குகிறாள், கொடுக்கிறாள். யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால் மிஷினை ஓடவிட்டுக் காது கேட்காதவள் ஆகிவிடுவாள். சின்னவன் பகலெல்லாம் மற்றவர்களை மேலும் கீழும் அனுப்பிவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்துகொள்வான். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வருஷமாக ஓர் ஆல்பம் செய்கிறார்கள்.

ஆல்பத்தின் பெயர் 'சலவை'. பாட்டுகளின் பெயர்கள் 'ஊற வை', 'அலசு', 'பிழி', 'உதறு' என்று துணி துவைக்கிற வரிசையில் போகும். இஸ்திரிப் பெட்டி ஆவி விடுகிற சீறல், மிஷினிலிருந்து தண்ணீர் வடிகிற கடகடப்பு, உலர்த்தும் மிஷினுக்குள் யாருடைய கால்சட்டை ஜிப்போ உரசுகிற சத்தம் எல்லாம் அதில் வாத்தியங்கள். அதன் மேல் பெரியவள் சோல் பாடுகிறாள். அடிவயிற்றிலிருந்து எடுத்து, சொல்லை இழுத்து, உடைத்து, மறுபடி ஒட்டிப் பாடுகிற பாட்டு அது. முதன்முதலில் அதைக் கேட்டபோது அம்மா, "பாடறியா, அழறியா?" என்று விசாரித்தாள். "ரெண்டும்தாம்மா" என்றாள் பெரியவள். நடுநடுவே சின்னவன் தாளத்தோடு மூச்சுவிடாமல் பேசுவான். அது ஹிப்ஹாப். மிச்சம் இருந்தது ஜாஸ்.

மிச்சம் இருந்தது என்றால், 'உதறு' பாட்டின் நடுவில் பெரியதாக ஓர் ஓட்டை இருந்தது. சாக்ஸபோனுக்காக விட்ட இடம். ஒருவர் வந்து வாசித்தார், சோப்பு விளம்பரம் போல இருந்தது. இன்னொருவர் பாட்டைக் கேட்டுவிட்டு, "இதுல நான் எந்தப் பக்கமா நுழையறது?" என்று கேட்டு வாத்தியத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். நாளைக்கு ஆல்பத்தை மெருகேற்றுகிறவரிடம் ஒப்படைக்க வேண்டும். கேட்ட இடத்தில் எல்லாம் கையை விரித்த பிறகுதான் பெரியவள் மாமாவுக்குப் போன் போட்டாள்.

மாமா அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. பெரிய ஹோட்டல்களிலும் கப்பல்களிலும் ஜாஸ் வாசித்தவர். ஒரு காலத்தில் அவர் குழுவில் அம்மாதான் பாட்டுக்காரி. ஒருநாள் சாயங்காலம் அவள் அலங்காரம் செய்துகொண்டு ஹோட்டலுக்குப் போனாள். அவளுடைய மைக்கின் முன்னால் வேறொருத்தி நின்றுகொண்டிருந்தாள். அன்று திரும்பி வந்தவள்தான், அதற்கப்புறம் வாயைத் திறந்து ஒரு வரிகூடப் பாடவில்லை. தம்பியோடு பேசவும் இல்லை. ஏன் அப்படி நடந்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. கேட்டால் அம்மா, "துணி ஊறிட்டிருக்கு" என்று எழுந்து போய்விடுவாள்.

இதுவரை நடந்தது இவ்வளவுதான். இப்போது வாசல் மணி அடிக்கிறது.

கதவைத் திறந்தவள் அம்மா. பெரியவள் மாடிப்படியில் மூன்று மூன்றாகத் தாவி இறங்கியும் பிரயோஜனம் இல்லை.

வாசலில் மாமா நின்றார். தலை நன்றாக நரைத்திருந்தது. ஷூ முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளத்தது. கையில் சாக்ஸபோன் பெட்டி. பின்னால் இரண்டு பெரிய சூட்கேஸ்கள். ஒரு மத்தியானம் வாசித்துவிட்டுப் போகிறவருக்கு எதற்கு இரண்டு சூட்கேஸ் என்று பெரியவளுக்குத் தோன்றியது. அதை யோசித்துக்கொண்டு நிற்க அது நேரமில்லை.

"கடை இன்னிக்கு லீவு" என்றாள் அம்மா.

"துணி போட வரலைக்கா."

"அப்ப எதுக்கு வந்தே?"

மாமா பெரியவளைப் பார்த்தார். பெரியவள் சின்னவனைப் பார்த்தாள். சின்னவன் எங்கே பார்த்தான் என்று சொல்ல வேண்டியதில்லை.

"நான்தாம்மா கூப்பிட்டேன்" என்றாள் பெரியவள். "பாட்டுக்கு. ஒரே ஒரு பாட்டுக்கு."

அம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். இப்போது வெடிக்கும், இதோ வெடிக்கும் என்று பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா கதவை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்தாள்.

"வெயில்ல நிக்காத. ஷூவைக் கழட்டிட்டு வா, தரையெல்லாம் ஈரம்" என்று தம்பியிடம் சொன்னாள். பிறகு மகளிடம், "பின்னறையை விட்டு நான் போக மாட்டேன். எனக்குத் தலைக்கு மேல வேலை இருக்கு. உங்க வேலையை நீங்க பாருங்க, என் வேலையை நான் பாக்கறேன்" என்றாள்.

சொன்னபடியே செய்தாள்.

பின்னறை நீளமானது. குறுக்கும் நெடுக்குமாகக் கொடிக் கயிறுகள் போகும். அவற்றில் ஈர விரிப்புகளைத் தொங்கவிட்டால் அறை சின்னச் சின்ன வெள்ளை அறைகளாகப் பிரிந்துவிடும். எதிரொலி சுத்தமாக அடங்கிப்போகும். பாட்டுப் பதிவுக்கு இதைவிட நல்ல இடம் வாங்கினாலும் கிடைக்காது என்று கண்டுபிடித்தவன் சின்னவன். ஒரு வெள்ளை அறைக்குள் மைக்கை நிறுத்தி, ஸ்டூல் மேல் லேப்டாப்பை வைத்தான். அடுத்த வெள்ளை அறையில் அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். விரிப்புக்குக் கீழே அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன.

மாமா வெறுங்காலோடு நின்று, சாக்ஸபோன் வாயில் பொருத்தும் ரீடை நாக்கில் நனைத்தார். ஷூ இல்லாமல் அவர் கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தார்.

"போடு" என்றார். "முதல்ல ஒரு தடவை கேக்கறேன். நீ கூடவே பாடு."

மாமா ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டார், பெரியவள் இன்னொன்றை மாட்டிக்கொண்டாள். பாட்டு ஆரம்பித்தது. நூறு தடவை பாடிய பாட்டு, தூக்கத்தில் எழுப்பினாலும் பாடுவாள்.

*கனமா இருக்கு, உதறு.*
*உன்னுதில்ல அந்த ஈரம், உதறு.*

இரண்டாவது வரியிலேயே ஏதோ இடறியது. இருட்டில் இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்தால் தரை வருமே, அப்படி இருந்தது. சமாளித்துக்கொண்டு பாடினாள். மூன்றாவது வரியிலும் இடறியது. கடைசி வரி வரைக்கும் இடறிக்கொண்டே முடித்தாள்.

மாமா ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினார். முகத்தில் நிஜமான மகிழ்ச்சி இருந்தது.

"என்ன குரல்டா இது! உங்க அம்மா குரல் அப்படியே. ஆனா..."

"ஆனா?"

"பின்னால போறே. டிரம் அது பாட்டுக்கு ஒழுங்கா போகுது. நீ ஒவ்வொரு வரியிலயும் ஒரு மூச்சு பின்னால வர்றே. பரவாயில்ல, கொஞ்சம் பழகினா சரியாயிடும்."

விரிப்புக்குக் கீழே தெரிந்த பாதங்கள் அசையாமல் நின்றன.

"அதே வார்த்தை" என்றது அம்மாவின் குரல். "அட்சரம் மாறலை."

மாமா சட்டென்று திரும்பினார். வெள்ளைத் துணியைத் தவிர அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

"என்னையும் இதையேதான் சொன்னான்" என்றாள் அம்மா, மகளுக்குச் சொல்வது போல. குரலில் கோபம்கூட இல்லை. "நேரா சொல்லியிருந்தா நாலு வார்த்தை நானும் திருப்பிக் கேட்டிருப்பேன். வாத்தியக்காரங்ககிட்ட சொன்னான். 'அக்கா பின்னால இழுக்குது, வச்சுக்கிட்டு இனிமே முடியாது'ன்னு. அன்னிக்கு ஹோட்டல் ஒத்திகை அறைக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் செருப்பைக் கழட்டிட்டு இருந்தேன்."

முன்பக்கத்தில் மிஷின் ஒன்று தண்ணீரை வடித்துவிட்டு நின்றது.

பெரியவளுக்கு மனசு எங்கெங்கோ ஓடியது. இத்தனை வருஷமாக அம்மா எழுந்து போன விஷயம் இதுதானா? அம்மாவுக்காகத் துக்கப்பட வேண்டிய அந்த நேரத்தில், வெட்கம் கெட்ட மனசு தன்னைப் பற்றித்தான் கவலைப்பட்டது. நானும் பின்னால்தான் போகிறேனா? ஒரு வருஷமாக, சாயங்காலம் சாயங்காலமாக, தப்பாகவே பாடிக்கொண்டிருந்தேனா? வாசித்து வாசித்தே தலை நரைத்த மனிதர் சொல்கிறார். பொய் சொல்லி அவருக்கு என்ன ஆகப்போகிறது?

"இன்னொரு தடவை போடுடா" என்றாள். "என் குரல் வேண்டாம். டிரம் மட்டும்."

"எதுக்குக்கா?"

"போடு."

சின்னவன் போட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். எட்டு அடி கேட்பதற்குள் விளங்கிவிட்டது.

'உதறு' பாட்டின் டிரம் அவளுக்கு நன்றாகத் தெரியும். அது நேராக நடக்காது. ஒரு காலை இழுத்து இழுத்து, இதோ விழப்போகிறேன் என்று பயம் காட்டிவிட்டு, கடைசி நொடியில் சாவகாசமாக வந்து சேரும். அந்தத் தாமதத்தின் மேல்தான் அவள் குரல் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. இப்போது காதில் விழுந்த டிரம், அலமாரியில் அடுக்கிய துண்டுகள் மாதிரி வரிசை பிசகாமல் வந்தது. யாரோ அதற்கு இஸ்திரி போட்டுவிட்டார்கள்.

"டிரம்மை யார் தொட்டது?"

சின்னவன் மேலே பார்த்தான்.

"கீழே பாருடா!"

பார்த்தான். முகம் சுண்டிப் போயிருந்தது.

"மாமாவுக்குப் பாட்டுல கொஞ்சம் அனுப்பினேன்க்கா. முன்கூட்டியே கேக்கட்டுமேன்னு. 'டிரம் நொண்டுதே, யாரு வாசிச்சது'ன்னு கேட்டார். நான்தான்னு சொல்ல வாய் வரலை. யாரோ ஃப்ரெண்டுன்னு சொல்லிட்டேன். நேத்து உக்காந்து எல்லா அடியையும் கட்டத்துக்குள்ள இழுத்து நேரா வச்சுட்டேன். லேப்டாப்புல ஒரு பட்டன்தான், தட்டினா எல்லாம் வரிசையா நின்னுடும்..."

"பழசு எங்கே?"

"அது மேலயே சேவ் பண்ணிட்டேன்."

"வேற காப்பி?"

சின்னவன் லேப்டாப்பின் ஓரத்தை நகத்தால் சுரண்டினான்.

ஒரு வருஷம்! துணி வாங்க வந்தவர்கள் நிற்க நிற்க மனசுக்குள் பாடிப் பார்த்து, வார்த்தைக்கு வார்த்தை இழைத்த பாட்டு. அதை இந்த மடையன், முன்பின் பழகாத ஒரு மாமாவுக்குப் பயந்து ஒரு பட்டனில் நேராக்கிவிட்டான். அதுவும் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். பெரியவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"உனக்கு மண்டையில என்னதாண்டா இருக்கு? பாட்டையே கொன்னுட்டியே! டிரம் வாசிக்க ஆளா கிடைக்காது எனக்கு? நாளைக்கே ஒருத்தனைக் கொண்டு வர்றேன் பாரு. உன்னை வச்சுக்கிட்டு இனிமே..."

"நிறுத்து."

விரிப்பை விலக்கிக்கொண்டு அம்மா வந்து நின்றாள். இரண்டு முழங்கையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது.

"அந்தப் பேச்சை முடிக்காத. திட்டணும்னா திட்டு. காதைப் பிடிச்சுத் திருகு. அந்த ஒண்ணை மட்டும் சொல்லிடாத. சொல்லிட்டா அப்புறம் ரெண்டு பேரும் கெட்டீங்க." அவள் மாமாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. "சந்தேகமா இருந்தா அவனைக் கேளு."

யாரும் கேட்கும்வரை மாமா காத்திருக்கவில்லை. கழுத்தில் தொங்கிய சாக்ஸபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி தலையை ஆட்டினார். ஆமாம் என்றுதான்.

பெரியவள் வாயை மூடிக்கொண்டாள். சொல்ல வந்த சொல் நாக்கில்தான் இருந்தது, அதைச் சொல்ல இன்னும் ஆசையாகத்தான் இருந்தது. அந்த ஆசையை நினைத்து அவளுக்கே பயமாகிவிட்டது. அந்த அறையில் இரண்டு அக்காக்கள், இரண்டு தம்பிகள். ஒரு ஜோடி எப்படிப் போயிற்று என்பது கண் முன்னால் நிற்கிறது. சின்னவன் அழவில்லை. ஆனால் சின்ன வயதில் ஸ்கூல் வாசலில் அவளுக்காகக் காத்து நிற்பானே, அந்த முகத்தோடு நின்றான்.

"மூக்கைத் துடைடா" என்றாள். கோபம் தணியவில்லை, ஆனால் குரல் இறங்கியிருந்தது. "வா. மறுபடியும் வாசி. மாமா இருக்கும்போதே முடிச்சுடலாம்."

"எனக்கு வரலைன்னா?"

"வரும்."

வரவில்லை.

சின்னவன் டிரம் சத்தம் தருகிற தட்டுப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு விரலால் தட்டிப் பார்த்தான். நேராக வந்தது. வேண்டுமென்றே தாமதித்துத் தட்டினான். நொண்டி வேஷம் போடுகிறவன் நடை மாதிரி பொய்யாக வந்தது. மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் இழுத்து விடு" என்றார்.

"எவ்வளவு மாமா?"

"அது... எண்ணிச் சொல்ற மாதிரி இல்ல." வாழ்நாள் முழுக்க ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணியே பிழைத்தவர் இதைச் சொல்லிவிட்டு அசடு வழிந்தார். "முதல் தடவை எங்கேயிருந்து பிடிச்சே இதை?"

"தெரியலை மாமா. சாயங்காலம் வந்து இங்க உக்காருவேன். பக்கத்துல வேலை நடந்துட்டிருக்கும். கை அதுவா போச்சு."

அதற்குள் அம்மா திரும்பிப் போயிருந்த அடுத்த வெள்ளை அறையிலிருந்து அதட்டல் வந்தது.

"யாராவது ஒருத்தர் வந்து முனையைப் பிடிங்க! டபுள் பெட்ஷீட், ஒத்தையாளா நான் எப்படி உதறுவேன்? உங்க கூத்துல என் துணி நாறிப் போகும்."

வழக்கமாகப் பெரியவள்தான் பிடிப்பாள். இன்று தப்பித்தால் போதும் என்று சின்னவன் எழுந்து ஓடினான். விரிப்பின் இரண்டு முனைகளை அம்மா பிடித்தாள், மற்ற இரண்டை அவன் பிடித்தான். அம்மா தலையை ஆட்டினாள். இரண்டு பேர் கைகளும் ஒன்றாக மேலே போய்க் கீழே இறங்கின. கை இறங்கி முடிந்த பிறகு, ஈரத் துணி வயிறு உப்பி, நடுவில் அலை ஓடி, அதற்கப்புறம்தான் சத்தம் வந்தது.

படார்.

பெரியவள் நிமிர்ந்தாள். மாமாவும் நிமிர்ந்தார்.

மறுபடியும் கைகள் இறங்கின. ஒரு மூச்சு. படார்.

சின்னவன் முனையைப் பிடித்தபடியே பேய் அறைந்தவன் போல நின்றான்.

"அம்மா, இன்னொண்ணு."

"போதும், சுருக்கம் போயிடுச்சு."

"இன்னொண்ணும்மா!"

"கிழிஞ்சா விடுதிக்காரனுக்கு நீ பதில் சொல்லு." படார்.

"அக்கா!" சின்னவன் குரல் கீச்சென்று வந்தது. "இதுதான்க்கா! கை முதல்ல, சத்தம் அப்புறம். இதைக் கேட்டுக் கேட்டுத்தான் வாசிச்சிருக்கேன், எனக்கே தெரியாம! நான் டிரம்மே வாசிக்க வேணாம். எல்லாத்தையும் தூக்கிடு. மைக்கை இங்க கொண்டா!"

பெரியவள் அதற்குள் மைக்கைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். சற்று முன் அவனை அடிக்கப் போனவள், இப்போது அவன் தலையில் ஒரு முத்தமே வைத்திருப்பாள், இரண்டு கையும் காலியாக இருந்திருந்தால்.

அம்மாவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் விரிப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நான் பாட மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

"பாட வேண்டாம்மா" என்றாள் பெரியவள். "உதறு. அவ்வளவுதான்."

"அது தினம் செய்யறதுதானே. அதுக்கு எதுக்குடி இப்படிக் கெஞ்சறே?"

"பாட்டு முடியற வரைக்கும் உதறணும்."

அம்மா தொட்டியை எட்டிப் பார்த்தாள். ஈர விரிப்புகள் மலையாகக் கிடந்தன. "இருக்கு" என்றாள்.

மாமா எழுந்து, தன் இடத்தை மாற்றிக்கொண்டார். மைக்குக்கு நேரே நிற்க வேண்டியவர், ஒதுங்கிப் போய் அம்மாவின் கைகள் தெரிகிற மாதிரி ஓர் ஓரத்தில் நின்றார்.

சின்னவன் பட்டனைத் தட்டிவிட்டு ஓடி வந்து முனையைப் பிடித்தான்.

படார். தெறித்த நீர்த்துளி பெரியவள் முகத்தில் விழுந்தது. அவள் பாடினாள்.

*கனமா இருக்கு, உதறு.*
*உன்னுதில்ல அந்த ஈரம், உதறு.*

இடறவில்லை. சொல்லை எவ்வளவு இழுத்தாலும் அந்தச் சத்தம் வந்து அடியில் தாங்கிக்கொண்டது. பின்னால் போகிறோமா என்ற பயம் அவளுக்கு மறந்தே போய்விட்டது. அடுத்து சின்னவன் முறை வந்தது. கையில் துணியோடு, மூச்சிரைக்க, அவன் பேசினான்.

*மேல போற லிஃப்டுல கீழ பாத்து நின்னவன்,*
*நேரா நட நேரா நடன்னு சொன்னதெல்லாம் நம்பினவன்,*
*கோணலாத்தான் வருது எனக்கு, கோணல்லயே விட்டுடு...*

கடைசி வரி பழைய பாட்டில் கிடையாது. அக்காவைப் பார்த்துக்கொண்டே அவன் அந்த நிமிஷத்தில் சேர்த்தது. பெரியவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு அந்த ஓட்டை வந்தது. மாமாவுக்காக விட்ட இடம்.

மாமா சாக்ஸபோனை வாயில் வைத்தார். முதல் ஸ்வரமே அறையைச் சூடாக்கியது. எங்கே நுழைவது என்று கேட்காமல் நுழைந்தார். பெரியவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். அப்போதுதான் இன்னொரு சத்தமும் அவள் காதில் விழுந்தது.

யாரோ முனகினார்கள். வார்த்தை கிடையாது, வாய் திறக்காத முனகல். சாக்ஸபோன் சொன்னதைக் கேட்டு, ஒரு மூச்சு விட்டு, அதற்குப் பதில் சொல்கிற மாதிரி வந்தது. அம்மா உதறிக்கொண்டே முனகினாள். அவளுக்கே தெரிந்திருக்காது. பெரியவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் நின்றுவிடும் என்று பயந்தாள். பிறந்ததிலிருந்து அந்தக் குரல் பாடி அவள் கேட்டதில்லை. இன்று கேட்கிறாள், இன்னும் கொஞ்ச நேரம் கேட்கட்டும்.

சாக்ஸபோன் தடுமாறியது. ஓர் இடத்தில் முந்தியது. அடுத்த உதறலுக்கு முன்பே போய்த் தனியாக நின்றது. திரும்பி வரப் பார்த்து, மறுபடியும் முந்திக்கொண்டு ஓடியது. பிறகு சத்தமே இல்லை.

மாமா வாத்தியத்தை இறக்கிவிட்டார். கண் இரண்டும் நிறைந்திருந்தன.

"ஏன் நிறுத்திட்டே?" என்றாள் அம்மா. பாட்டைப் பற்றித் தம்பியிடம் அவள் நேருக்கு நேர் கேட்ட முதல் கேள்வி அது.

"அக்கா... நீ முனகினே."

"நானா?" அம்மா விரிப்பை ஒரு மாதிரி பார்த்தாள், அதுதான் முனகியது போல. "இல்லையே."

"அக்கா, அன்னிக்கு நான் சொன்னது..."

"அதை அப்புறம் பேசிக்கலாம். நாள் பூராவும் பேச வேண்டிய பேச்சு அது, துணி காயற நேரத்துல ஆகாது." அம்மா தொட்டியிலிருந்து அடுத்த விரிப்பை இழுத்தாள். "இப்ப நீ முந்திட்டே. ரெண்டு இடத்துல. நான் வர்றதுக்குள்ள போய் நின்னுக்கிட்டு என்ன பண்ணப் போறே?"

மாமா சிரித்தார். அழுகையும் கலந்து வந்த சிரிப்பு. சின்னவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான், இந்தத் தடவை மேலே பார்க்க மறந்துவிட்டான்.

"அப்புறம், வாசல்ல உன் பெட்டி ரெண்டும் வழியை அடைச்சுக்கிட்டு நிக்குது" என்றாள் அம்மா. "முடிச்சிட்டு மாடிக்கு எடுத்துட்டுப் போ. ஒரு நாளைக்கு வந்தவனுக்கு எதுக்கு அத்தனை துணின்னு நான் இப்பக் கேக்கலை. சாப்பிடும்போது கேப்பேன்."

மாமாவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் பார்வை ஒரு கணம் பெரியவளிடம் வந்து, உடனே விலகிப்போனது. சாப்பிடும்போது சொல்லக்கூடிய பதிலாக அது இருக்காது என்று பெரியவளுக்கு அந்த ஒரு பார்வையிலேயே தெரிந்தது.

"முதல்ல இருந்து" என்றாள் அம்மா. "டேய் சின்னவனே, முனையைப் பிடி. நீ என்னடி நிக்கறே, பாடு."

சின்னவன் பட்டனைத் தட்டிவிட்டு ஓடி வந்தான். நான்கு கைகளும் மேலே போயின. மாமா ரீடை நனைத்து வாயில் வைத்துக்கொண்டார். எண்ணுவதற்காகத் தரையில் தட்டிக்கொண்டிருந்த அவருடைய வெறுங்கால் நின்றது. கைகள் இறங்கின. விரிப்பு உப்பியது. சத்தம் வரட்டும் என்று, அக்காவுக்காக, அவர் காத்திருந்தார்.